புதுசா வந்த பசங்களுக்கு மிட்ஸ் பிடிச்சு காம்பினேஷன் கத்துக்கொடுக்கிறது எப்படி

பாக்ஸிங் கிளப்னா மாஸ்டர் ஒருத்தர்தான் இருப்பாரு, புதுசா வர்ற பசங்க பத்து பதினஞ்சு பேர் நிப்பாங்க, அதனால கொஞ்ச நாள் பழகின சீனியர் கையில மிட்ஸைக் (குத்தை வாங்க ரெண்டு கையிலயும் மாட்டிக்கிற மெத்தை) கொடுத்து "நீ போய் அந்த தம்பிங்களுக்குப் பிடிடா"ன்னு அனுப்பிடுவாங்க. அந்த சீனியருக்கு குத்தத் தெரியும், ஆனா பிடிக்க யாருமே சொல்லித்தந்திருக்க மாட்டாங்க. எங்க சேலத்துலயும் இதே கதைதான். அப்படி திடீர்னு மிட்ஸ் கைக்கு வந்தவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். வீட்டு மொட்டை மாடியில தங்கச்சிக்கோ ஃப்ரெண்டுக்கோ பிடிக்கிறவங்களுக்கும் இது ஆகும்.

ஒண்ணை மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். மிட்ஸ்ல சத்தம் பட்டு பட்டுனு வர்றதை வச்சு பையன் நல்லா குத்துறான்னு முடிவு பண்ணாதீங்க. குத்தின கை தாடைக்குத் திரும்பி வந்துச்சா, கால் தரையில சரியா இருக்கா, இந்த ரெண்டையும் பாருங்க. கை திரும்பி வந்தாதான் அந்த குத்து முடிஞ்சதா அர்த்தம், கீழ நான் சொல்லப்போறது எல்லாமே இதுக்காகத்தான்.

மிட்ஸ் தொடுறதுக்கு முன்னாடி

வந்த அன்னைக்கே மிட்ஸ் கேப்பாங்க, மொபைல்ல வீடியோ பாத்துட்டு வந்திருப்பாங்க இல்லையா. கொடுக்காதீங்க. முதல் ஒரு வாரம் ஸ்டான்ஸ் (நிக்கிற நிலை), முன்ன பின்ன நகர்றது, கண்ணாடி முன்னாடி ஷேடோ பாக்ஸிங் (ஆள் இல்லாம காத்துல குத்திப் பழகறது), அவ்வளவுதான். வலது கைப் பழக்கம் உள்ளவங்களுக்கு இடது கால் முன்னாடி, வலது கால் பின்னாடி தோள் அகலத்துக்கு, பின்னங்கால் குதிகால் லேசா தூக்கியிருக்கணும், கால் முட்டி விறைப்பா இருக்கக் கூடாது, ரெண்டு கையும் கன்னத்துல, தாடை கீழ. இதுதான் ஆர்த்தடாக்ஸ். இடது கைக்காரங்க இதையே திருப்பிப் போட்டு நிப்பாங்க, அது சவுத்பா. ரெண்டு காலையும் ஒரே கோட்டுல வச்சு நிக்கிற பையனை தோள்ல லேசா ஒரு தட்டு தட்டிப் பாருங்க, தள்ளாடுவான், அப்ப அவனுக்கே புரிஞ்சிடும்.

ஹேண்ட்ராப் (கையில சுத்துற துணிப்பட்டை) கட்டாம ஒரு குத்துகூட வேண்டாம். பெரியவங்களுக்கு 180 இன்ச், சின்னப் பசங்களுக்கு 120 இன்ச் போதும். மணிக்கட்டுல மூணு சுத்து, விரல் முட்டிகள் மேல மூணு சுத்து, விரலுக்கு நடுவுல கொண்டுபோய் மறுபடி மணிக்கட்டுக்கே வந்து முடிக்கணும். க்ளவுஸ் 12 இல்லன்னா 14 அவுன்ஸ் எடுத்துக்கலாம், நல்ல ஆஜானுபாகுவா இருக்கிறவங்க 16. ஜலந்தர், மீரட்ல செஞ்சு வர்ற மிட்ஸும் க்ளவுஸும் ஸ்போர்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்குது, பழகறதுக்கு அதுவே போதும். மிட்ஸ் வாங்கும்போது உள்ள கையை விட்டுப் பாருங்க, விரல் போற இடம் லூசா ஆடுச்சுன்னா வாங்காதீங்க. பிடிக்கிற நீங்களும் உள்ள ராப் கட்டிக்கோங்க, மாசக்கணக்கா பிடிச்சா மணிக்கட்டும் தோளும்தான் முதல்ல வலிக்க ஆரம்பிக்கும்.

எங்க பிடிக்கணும்

பெரும்பாலானவங்க தப்பு பண்றது இங்கதான். மிட்ஸை ரெண்டு பக்கமும் அகலமா விரிச்சுப் பிடிப்பாங்க, குத்து மூஞ்சில பட்டுடுமோன்னு பயம். அப்படிப் பிடிச்சா பையன் என்ன கத்துக்குவான், எதிராளியோட காதுக்கு வெளிய காத்துல குத்த கத்துக்குவான். எதிராளி தாடை நடுவுலதான இருக்கு, அதனால மிட்ஸும் நடுவுலதான் இருக்கணும். உங்க தாடை உயரத்துல, மூஞ்சிக்கு ஒரு முழம் முன்னாடி, ரெண்டு மிட்ஸுக்கும் நடுவுல கை அகலம் இடைவெளி. முழங்கை மடங்கியே இருக்கட்டும், நேரா நீட்டிடாதீங்க. குத்துறது குட்டிப் பையன்னா நீங்க ஒரு முட்டி போட்டு உக்காந்து அவன் தாடை உயரத்துக்கு இறங்கிப் பிடிங்க, சின்னப் பசங்களை மேல பாத்து குத்த விட்டா தாடை தூக்கிக்கும், அந்தப் பழக்கம் போகவே போகாது.

எந்தக் கைக்கு எந்த மிட்? நான் பிடிக்கிறது அவங்க இடது கைக்கு என் இடது மிட், அவங்க வலது கைக்கு என் வலது மிட். ஜாபை (முன்னாடி இருக்கிற கையால நேரா போடுற குத்து) வலது மிட்ல வாங்குறவங்களும் நிறைய பேர் இருக்காங்க, ஸ்பாரிங்ல (ரெண்டு பேர் மோதிப் பழகறதுல) ஜாபை வலது கையாலதான் பிடிக்கிறோம் அதனால அதுவும் சரிதான். ஆனா இடதுக்கு இடதுன்னு வச்சா குத்து நடுக்கோட்டைத் தாண்டி வந்து படும், அப்புறம் ஹூக்குக்கு (பக்கவாட்டுல வளைச்சுப் போடுற குத்து) போகும்போது மிட்டை உள்பக்கமா திருப்பினா போதும், கை மாத்த வேண்டியதில்ல. எது வேணா எடுத்துக்கோங்க, ஆனா ஒரே பேட்ச்ல ஒருத்தர் ஒரு மாதிரி இன்னொருத்தர் வேற மாதிரி பிடிச்சா புதுப் பசங்க முழிப்பாங்க, பேசி வச்சுக்கோங்க.

குத்து வரும்போது மிட்டை பின்னாடி இழுக்காதீங்க. இழுத்தா பையனோட முழங்கை காத்துல வெட்டுன்னு நீண்டு சுளுக்கிக்கும். ஓடிப்போய் பட்டுனு அடிக்கவும் வேண்டாம், அது அவன் விரல் முட்டியையும் உங்க தோளையும் காலி பண்ணிடும். குத்து படுற நேரத்துல ரெண்டு மூணு இன்ச் முன்னாடி போய் வாங்கிக்கோங்க. உள்ளங்கை நடுவுல வாங்கணும், விரல் நுனியில வாங்கினா ஒரு நாள் விரல் பின்னாடி மடங்கிடும்.

ஜாப்ல இருந்து

நிறைய இடத்துல இப்ப குத்துக்களை நம்பர்லதான் கூப்பிடுறாங்க. 1 ஜாப், 2 கிராஸ் (பின்னாடி இருக்கிற கையால நேரா போடுற குத்து), 3 முன்கை (முன்னாடி இருக்கிற கை) ஹூக், 4 பின்கை ஹூக், 5 முன்கை அப்பர்கட் (கீழ இருந்து மேல போடுற குத்து), 6 பின்கை அப்பர்கட். மிட்ஸ் எடுக்கிற முதல் நாள்ல 1 மட்டும். மிட்டைக் காட்டுங்க, "ஒண்ணு"ன்னு சொல்லுங்க, குத்தட்டும், கை திரும்பட்டும், மிட்டை இறக்குங்க. மறுபடி. காட்டாத நேரத்துல குத்தக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க, ஆர்வத்துல நம்ம மூக்கை உடைக்கிறவங்க உண்டு.

தூரம் ரொம்ப முக்கியம். ஜாப் போட்டா கை கிட்டத்தட்ட முழுசா நீண்ட இடத்துல மிட் படணும். ரொம்ப கிட்ட நின்னா கை மடங்கியே குத்தும், எட்ட நின்னா உடம்பு முன்னாடி சாயும். சாய்றான்னா திட்டாதீங்க, தப்பு உங்க தூரத்துல இருக்கு, நீங்க அரை அடி முன்னாடி வாங்க. தரையில சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டு ஒண்ணுல அவன், ஒண்ணுல நீங்கன்னு முதல் ரெண்டு கிளாஸ் நில்லுங்க. அப்புறம் கோட்டை அழிச்சிட்டு நீங்க ஒரு அடி பின்ன போங்க, அவனே முன்னங்காலை எடுத்து வச்சு வந்து ஜாப் போடணும். முன்னங்கால் போனா பின்னங்கால் அதே அளவு கூட வரணும், இல்லன்னா ஸ்டான்ஸ் விரிஞ்சிக்கிட்டே போகும்.

விரல் முட்டி எங்க படுதுன்னு பாக்க ஒரு வழி இருக்கு. க்ளவுஸ் முன்பக்கத்துல சாக்பீஸ் தூளைத் தேச்சு விடுங்க. மிட்ல விழற வெள்ளைத் தடம் நடு வட்டத்துல, ஆள்காட்டி விரலும் நடு விரலும் இருக்கிற பக்கத்துக்கு அழுத்தமா விழுந்தா கை சரியா திரும்புது. சுண்டுவிரல் பக்கம் தடம் விழுந்துச்சுன்னா மணிக்கட்டு மடங்குது, உடனே நிறுத்தி மெதுவா பண்ணச் சொல்லுங்க. நூறு தடவை வாயால சொல்றதை விட அந்த வெள்ளைத் தடத்தை ஒரு தடவை காட்டினா பசங்க டக்குனு பிடிச்சிக்கிறாங்க.

இன்னொண்ணு, ஜாப் போடும்போது வலது கை கன்னத்துல இருந்து கழண்டு இடுப்புக்கு இறங்கும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது இருக்கு. எங்ககிட்ட அம்மாப்பேட்டையில இருந்து வர்ற ஒரு பாப்பா, ஜாப் அவ்வளவு நேரா போடும், ஆனா ஒவ்வொரு தடவையும் வலது கை கீழ. "கை மேல கண்ணு, கை மேல"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு தொண்டை வத்திப்போச்சு. கடைசியில ஒரு கைக்குட்டையை மடிச்சு அதோட வலது க்ளவுஸுக்கும் கன்னத்துக்கும் நடுவுல வச்சுவிட்டேன், ஜாப் போடும்போது கைக்குட்டை விழக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன். முதல் ரவுண்டுல விழுந்துட்டே இருந்துச்சு, குனிஞ்சு எடுத்து எடுத்து அதுக்கே கோவம் வந்து, ரெண்டாவது ரவுண்டு முடியறப்ப கைக்குட்டை கன்னத்துலயே நின்னுச்சு. இதை அவசியம் செஞ்சு பாருங்க.

1 நல்லா வந்துச்சுன்னா 1-1. ரெண்டாவது ஜாப்புக்கு முன்னாடி கை முழுசா கன்னத்துக்கு வரணும், பாதியில இருந்து திரும்பக் கிளம்பக் கூடாது. ஒவ்வொரு குத்துக்கும் மூக்கு வழியா "ஷ்"னு மூச்சை விடச் சொல்லுங்க. மூச்சைப் பிடிச்சிக்கிட்டே குத்துறவன் ஒரு நிமிஷத்துல சோர்ந்துடுவான்.

1-2, இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

நேரமெல்லாம் 1-2ல போடுங்க. ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்ல. கிராஸ் கையில இருந்து வர்றதில்ல, பின்னங்காலோட முன்பாதத்துல அழுத்தி, குதிகால் வெளிப்பக்கமா திரும்பி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, கடைசியிலதான் கை போகுது. இதை மிட் இல்லாம பத்து தடவை பண்ண விட்டுட்டு அப்புறம் மிட் காட்டுங்க. சரியா போட்டா வலது தோள் தாடையை வந்து தொடும், பாத்தாலே தெரியும். அதே நேரத்துல இடது கை கன்னத்துக்கு வந்து உக்காந்திருக்கணும். இடது கை திரும்புற வேகமும் வலது கைக்கு விசை சேக்குது, ஒண்ணு உள்ள வர ஒண்ணு வெளிய போகணும்.

நீங்க பிடிக்கும்போது ரெண்டு மிட்டையும் ஒண்ணாவே காட்டிடாதீங்க. இடது மிட் முதல்ல, ஜாப் பட்டதும் வலது மிட். ஆரம்பத்துல நிதானமா, "ஒண்ணு... ரெண்டு", நடுவுல இடைவெளி விட்டு. போகப் போக இடைவெளியைக் குறைங்க. 1-2 முடிஞ்சதும் அங்கேயே நின்னு "எப்படிண்ணா இருந்துச்சு"ன்னு நம்ம மூஞ்சியைப் பாப்பாங்க. அப்ப உடனே மிட்டால அவங்க கார்டு மேல, அதாவது கன்னத்துல இருக்கிற க்ளவுஸ் மேல லேசா ஒரு தட்டு. கை அங்க இருந்தா க்ளவுஸ்ல படும், இல்லன்னா கன்னத்துல மிட் மெல்லத் தொடும், அதுவே போதுமான பாடம். அறைய வேண்டாம். சில பேர் இதை சாக்கா வச்சு பசங்களை பளார்னு வைக்கிறாங்க, அது கத்துக்கொடுக்கிறது இல்ல, அந்தப் பையன் அடுத்த நாள்ல இருந்து குத்தும்போதே கண்ணை மூட ஆரம்பிச்சுடுவான்.

தட்டு வாங்கினதும் ரெண்டு அடி பின்னாடியோ பக்கவாட்டுலயோ நகரணும். "ஒண்ணு ரெண்டு, வெளிய". இந்த "வெளிய"வை எப்பவும் விடாதீங்க.

ஹூக் சேக்கறது

1-2-3 ஏன் நிறைய ஊர்ல முதல் மூணு குத்து காம்பினேஷனா, அதாவது அடுத்தடுத்து போடுற குத்து வரிசையா இருக்குன்னு பசங்ககிட்ட சொல்லிக்கொடுங்க, காரணம் தெரிஞ்சா உடம்பு சீக்கிரம் கேக்கும். கிராஸ் போட்டு முடிச்சதும் இடுப்பு இடது பக்கம் திரும்பியிருக்கும், எடை முன்னங்காலுக்கு வந்திருக்கும். அங்க இருந்து இடது ஹூக்குக்கு இடுப்பு திரும்பி வந்தாலே போதும், தனியா கையை ஓங்க வேண்டியதில்ல. கையை பின்னாடி கொண்டுபோய் ஓங்குற பையன்கிட்ட நிறுத்தி, இடுப்பு எங்க இருக்குன்னு கேளுங்க.

ஹூக்குல முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்கி தோள் உயரத்துக்கு வரணும், முன்னங்கால் குதிகால் வெளிய திரும்பணும், வலது கை கன்னத்தை விடவே கூடாது. மிட் பிடிக்கிற நீங்க இடது மிட்டை உங்க தாடைக்கு முன்னாடி கொண்டுவந்து, உள்ளங்கை உங்க வலது பக்கத்தைப் பாக்கிற மாதிரி திருப்புங்க. முழங்கை உங்க விலா கிட்டயே ஒட்டி இருக்கட்டும். கையை நீட்டி வச்சு ஹூக் வாங்கினா தோள் பிடுங்கிக்கும், வலுவான பையன் ஒருத்தன் வந்தா போதும்.

பசங்களுக்கு ஹூக்கோட மதிப்பு தெரியணும்னா அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியரைச் சொல்லுங்க. 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், 15வது ரவுண்டுல ஃப்ரேசியர் போட்ட இடது ஹூக்குல முகமது அலி மல்லாக்க விழுந்தாரு. எழுந்துட்டாரு, ஆனா ஃபைட் போச்சு. 15 ரவுண்டு ஓடின காலுக்கு மேல அந்த இடுப்பு எப்படித் திரும்புதுன்னு பாக்கச் சொல்லுங்க.

1-2-3 வந்தா 1-2-3-2 தானா வரும், ஏன்னா ஹூக் முடிஞ்சதும் எடை பின்னங்காலுக்குப் போயிடும், வலது கை தயாரா இருக்கும். நாலு குத்துக்கு மேல புதுசா வந்தவங்களுக்கு வேண்டாம். அமெரிக்க பாக்ஸர் ஃப்ளாய்ட் மேவெதர் அவர் சித்தப்பா ரோஜர்கூட மிட்ஸ் அடிக்கிற வீடியோவைப் பாத்துட்டு "அந்த மாதிரி பண்ணலாம்ணா"ன்னு வருவாங்க. அது சின்ன வயசுல இருந்தே பழகின ரெண்டு பேரோட பாஷை, கண்ணை மூடிக்கிட்டே பண்ற அளவுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க. நம்ம பசங்க அதை காப்பி அடிச்சா தோள் மட்டும் ஆடும், கால் செத்துப் போகும்.

அப்பர்கட்டை ஜாப், கிராஸ், ஹூக் மூணும் தூக்கத்துல கேட்டாலும் வர்ற அளவுக்கு ஆனப்புறம் பாத்துக்கலாம். மிட் உள்ளங்கை தரையைப் பாக்கணும், நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவுல, உங்க உடம்புக்குக் கிட்டத்துல. எட்ட நீட்டினா பையன் கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி கையை வீச ஆரம்பிச்சிடுவான்.

ஒரு கிளாஸ் எப்படி ஓட்டலாம்

எலீட் அமெச்சூர் (தொழில்முறை இல்லாத பெரியவங்க) ஃபைட் 3 ரவுண்டு, ஒவ்வொண்ணும் 3 நிமிஷம், நடுவுல 1 நிமிஷம் ரெஸ்ட். புதுசா வந்தவங்களுக்கு 2 நிமிஷ ரவுண்டு போதும், ரெஸ்ட் அதே 1 நிமிஷம், நாலு ரவுண்டு. முதல் ரவுண்டு ஜாப் மட்டும் நடந்துக்கிட்டே. ரெண்டாவது 1-2. மூணாவது அன்னைக்குப் புதுசா சொல்லித்தர்றது எதுவோ அது. நாலாவது ரவுண்டுல நம்பர் சொல்லாதீங்க, மிட் மட்டும் காட்டுங்க, அவங்க கண்ணாலயே பாத்து குத்தட்டும். மிட் காட்டி ஒரு செகண்டுக்குள்ள இறக்கிடுங்க, கிடைச்சா கிடைச்சது. நடுநடுவுல சும்மா நில்லுங்க, சும்மா நிக்கும்போது கை இறங்குதான்னு பாருங்க. நீங்களும் ஒரே இடத்துல நிக்காம வட்டமா நகருங்க, ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம்.

1-2 நல்லா படிஞ்சவங்களுக்கு தடுப்பையும் சேத்துக்கலாம். 1-2 போட்டதும் உங்க இடது மிட்டை ஹூக் மாதிரி மெதுவா சுத்தி அவங்க தலைக்கு மேல கொண்டுபோங்க. அவங்க கால் முட்டியை மடக்கி இடதுல இருந்து வலதுக்கு கீழ போய் எழணும், எழுந்தா எடை வலது கால்ல இருக்கும், உடனே 2. இடுப்புல குனிஞ்சு தரையைப் பாக்கிற பையனை நிறுத்துங்க, கண் எப்பவும் உங்க நெஞ்சு மேலயே இருக்கணும்.

சவுத்பா பையன் வந்தா எல்லாமே தலைகீழ், அவன் முன்கை வலது, அதனால 1 உங்க வலது மிட்டுக்கு. குழப்பமா இருக்குன்னு அவனை ஆர்த்தடாக்ஸா மாத்திடாதீங்க. மேரி கோம், ஃபிலிப்பைன்ஸ் பாக்ஸர் பாக்கியாவ் எல்லாம் சவுத்பாதான்.

வெயிலும் மலையும்

சித்திரை வைகாசி சேலம் வெயிலைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தகர ஷெட்ல, மொட்டை மாடியில மதியம் மிட்ஸ் வேண்டவே வேண்டாம். காலையில 6 மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள முடிச்சிடுங்க, இல்லன்னா பொழுது சாஞ்ச பிறகு. ஒவ்வொரு ரெஸ்ட்லயும் ரெண்டு வாய் தண்ணி, முடிச்சப்புறம் உப்புப் போட்ட மோர். குத்திட்டிருக்கிற பையனுக்கு திடீர்னு வேர்க்கிறது நின்னாலோ, பேச்சு குழறினாலோ, தலை சுத்தினாலோ அன்னைக்கு கிளாஸ் அவ்வளவுதான், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

லீவுல ஏற்காடு கூட்டிட்டுப் போய் ட்ரெய்னிங் போடுறவங்க, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டியை விட்டு இறங்கின உடனே மிட்ஸ் எடுக்காதீங்க. அங்க 1500 மீட்டர் உயரம், கீழ இருந்து போனவங்களுக்கு முதல் நாள் சீக்கிரம் மூச்சு வாங்கும், பசங்களுக்கு தலை வேற சுத்திட்டிருக்கும். குளிர்ல தோள் சூடாக நேரம் ஆகும், இங்க பத்து நிமிஷம் வார்ம்அப்னா அங்க இருபது நிமிஷம். பனியில நனைஞ்ச புல்லு மேல ஹூக்குக்கு கால் திருப்பினா வழுக்கும், சிமெண்ட் தரை இல்லன்னா காஞ்ச மண்ணு தேடுங்க.

விரல் முட்டி வீங்கியிருந்தா, மணிக்கட்டு வலிச்சா அன்னைக்கு மிட்ஸ் கிடையாது, கால் வேலை மட்டும். பசங்க வலிய மறைப்பாங்க, ராப் கட்டிவிடும்போது கையை அமுக்கிப் பாத்தீங்கன்னா தெரிஞ்சிடும்.

கிளாஸ் முடிஞ்சதும் மிட்ஸ், க்ளவுஸ் உள்ள பழைய துணியால துடைச்சு வாயைத் திறந்து நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா ரெக்ஸின் வெடிச்சிடும். பையில அப்படியே சுருட்டி வச்சா ரெண்டு நாள்ல நாத்தம் தாங்காது, கையில அரிப்பும் வரும். தையல் விட்டுப்போன மிட்டைத் தூக்கிப் போட வேண்டாம், செருப்பு தைக்கிற அண்ணாகிட்ட மெழுகு நூல் போட்டு ரெட்டைத் தையல் கேளுங்க, கொஞ்ச காசுதான் ஆகும், இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். ஆனா உள்ள பஞ்சு அமுங்கி நடுவுல குழி விழுந்துடுச்சுன்னா அந்த மிட்டைக் கழிச்சிடுங்க.